முத்தையாவின் வலது கால்

உலகத்தில் உண்டாகும் சுளுக்கு, பிடிப்பு, குடைச்சல் யாவும் வெள்ளைக்கல் தேயிலைத் தோட்டம் மேல்பிரிவு மூன்றாம் லயத்து வரிசை வீட்டு முத்தையாவின் வலது காலுக்குக் கட்டுப்பட்டவை. இதை முத்தையாவே பல தடவை சொல்லியிருப்பதால் சந்தேகப்பட இடமில்லை.

அவன் காலால் பிறந்தவன். மற்றப் பிள்ளைகள் தலையை முன்னே அனுப்பி இந்த உலகத்துக்கு வர, அவன் வலது காலை அனுப்பினான். அந்தக் கால் முதலில் வெளியே வந்து, தோட்டத்தைச் சற்று நோட்டம் விட்டு, பாதகமில்லை என்று கண்ட பிறகுதான் மற்ற உறுப்புகளை வரச் சொன்னதாம். காலால் பிறந்தவன் உதைத்தால் சுளுக்கு ஓடிவிடும் என்பது தோட்டத்துச் சட்டம். துரை கையெழுத்துப் போடாமலே அமுலில் இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

வைத்திய முறை எளிது. நோயாளி விடியற்காலையில் வெற்றிலையும் ஒரு துண்டுப் புகையிலையும் கொண்டுவந்து வாசலில் கிழக்குப் பார்த்து நிற்க வேண்டும். முத்தையா பீலியில் கொட்டும் மலைத் தண்ணீரில் வலது காலைக் கழுவி வருவான். கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வலித்த இடத்தில் குதிகாலால் மூன்று உதை. நோயாளி திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். நாலைந்து நாளில் சுளுக்கு இருக்காது. உதைக்காவிட்டாலும் நாலைந்து நாளில் இருக்காது என்று ஒரே ஒருத்தி சொல்லிவந்தாள். அவள் முத்தையாவின் மனைவி ராமாமிர்தம். மனைவிமார் பேச்சு வைத்திய சாஸ்திரத்தில் சேராது.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் சித்திரை மாதத்தில் இந்தக் காலுக்கு ஒரு சோதனை வந்தது. அது அவன் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

அவனுடைய ஒரே மகள் சத்தியபாமாவுக்கு அப்போது பன்னிரண்டு முடிந்திருந்தது. தைப்பொங்கலுக்குத் தைத்த பாவாடை மூன்றே மாதத்தில் கணுக்காலை விட்டு மேலே ஏறியிருந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பதுளைப் பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். அந்த லயத்திலிருந்து அப்படிப் போன முதல் பெண் பிள்ளை அவள். குறுக்குப் பாதையில் இருநூற்று நாற்பது கல்படி இறங்கினால் பாலம். பாலத்திலிருந்து இரண்டு மைல். அந்தப் படிகளை அவள் இரண்டிரண்டாகத் தாவி இறங்குவாள். பள்ளிக்கூடத்தில் அவளை அஞ்சலோட்டத்தில் கடைசி ஆளாகப் போட்டிருந்தார்கள். ஓடுவதற்காகவே படிக்கப் போகிறாளோ என்று முத்தையாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பறித்த கொழுந்தை நிறுத்துவிட்டு வந்த ராமாமிர்தம் படிக்கட்டில் மகளைக் கண்டாள். ஒரு படியில் ஒரு காலை வைத்து, மறு காலையும் அதே படிக்கு இழுத்துச் சேர்த்து, மூச்சு விட்டு, அடுத்த படி.

“ஏ பாமா, என்னாடி நண்டு மாதிரி சாஞ்சு சாஞ்சு வர்ற?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“ஒண்ணும் இல்லாதவ படிய எண்ணிக்கிட்டா வருவா? உக்காரு. காலக் காட்டு.”

முழங்கால் சில்லுக்குக் கீழே, இரண்டு காலிலும், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மேடு. ராமாமிர்தத்தின் விரல் பட்டதுமே பிள்ளை காலை இழுத்துக்கொண்டாள்.

“எத்தன நாளா இருக்கு?”

“மாசியில இருந்து.”

“ரெண்டு மாசமா வாய மூடிக்கிட்டு இருந்தியா? ஏன்டி சொல்லல?”

“சொன்னா பள்ளிக்கூடத்த நிப்பாட்டிருவாங்க” என்றாள் பாமா. யார் நிப்பாட்டுவார்கள் என்று அம்மாவும் கேட்கவில்லை.

சுவர் ஒட்டிய அடுத்த காம்பிராவில் குடியிருந்த குணமணி எட்டிப் பார்த்தாள். “கண்ணுதான் பட்டிருக்கு. அஞ்சாப்புக்கு மேல படிச்சா பொம்பளப் புள்ள எலும்பு எப்பிடித் தாங்கும்?”

“ஒனக்கு ரெண்டாப்புதானே. ஒனக்கு ஏன் இடுப்புப் புடிச்சிருக்கு?” என்றாள் ராமாமிர்தம்.

முத்தையாவுக்கு விஷயம் தெரிந்தபோது கவலையோடு கொஞ்சம் பெருமையும் வந்தது. வைத்தியன் வீட்டிலேயே இருக்கிறான், வெற்றிலைகூட வேண்டியதில்லை. மறுநாள் விடியலில் காலைக் கழுவிக்கொண்டு வந்தான். பாமா கிழக்குப் பார்த்து நின்றாள். வலது முழங்காலில் முதல் உதை விழுந்தது.

அந்தக் கூச்சல் கீழ்ப்பிரிவு வரைக்கும் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

“போகுது பாரு. கத்திக்கிட்டே போகுது” என்று முத்தையா நோயைப் பற்றி, எட்டிப் பார்த்த கூட்டத்துக்கு விளக்கினான். மற்ற இரண்டு உதைகளையும் முறைப்படி கொடுத்துவிட்டு இடது காலுக்கு வந்தபோது, ராமாமிர்தம் நடுவில் வந்து நின்றாள்.

“போதும். ஒங்க கால வேட்டிக்குள்ள வச்சிக்கங்க.”

திங்கட்கிழமை வலது முழங்கால் வீங்கியிருந்தது. பாமா பள்ளிக்கூடம் போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. புதன்கிழமை இராசையா கங்காணி வந்தார். நல்ல மனுஷர்தான்; ஆனால் எந்த வீட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை சும்மா இருந்தாலும் அவருக்கு மணம் பிடித்துவிடும்.

“புள்ள வீட்லதான் இருக்குபோல. வேலைக்குப் பேரப் பதிஞ்சிருவமா முத்தையா? கொழுந்து மண்டிக் கெடக்கு.”

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும். முத்தையா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னான். “என் காலுக்கே கட்டுப்படாத வலின்னா, அது பதுள ரோட்டுலதான் வந்திருக்கு. பள்ளிக்கூடம் போதும். பேரப் பதிஞ்சிரலாம்.”

“பள்ளிக்கூடத்துக்கு நடக்க முடியாத காலு, கூடையக் கட்டிக்கிட்டு ஏழாம் நம்பர் மலையில மட்டும் ஏறுமா?”

“அது வேல. வேல செஞ்சா எல்லாம் சரியாயிரும்.”

“அப்ப வேல செய்றவங்க எதுக்குங்க ஒங்கக்கிட்ட உதை வாங்க வர்றாங்க?”

முத்தையா தண்ணீர் குடித்தான். ராமாமிர்தம் அடுப்பு வெளிச்சத்தில் மகளின் முகத்தைப் பார்த்தாள். பாமா சாப்பிடாமல் ரொட்டியை மடித்து விரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஆவணி பொறக்கட்டும்” என்றாள் ராமாமிர்தம். “அதுவரைக்கும் என் பொறுப்பு. ஆவணி ஒண்ணாந் தேதி அவளால நடந்து போயிட்டு நடந்து வர முடியலன்னா, நானே கங்காணிக்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். அதுக்கு முந்தி யாரும் பேரப் பத்திப் பேசக்கூடாது.”

மூன்றரை மாதத் தவணைக்கு முத்தையா சம்மதித்தான்.

மறுநாளே அவள் வேலைக்குப் போகாமல் மகளைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முத்தையா கூடவே போனான், கையில் நன்றாகக் கழுவிய ஒரு காலி மருந்துப் போத்தலோடு. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போத்தல் இல்லாமல் போவது கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோடு போவது மாதிரி. மருந்து மூன்று நிறத்தில் உண்டு: வெள்ளை, சிவப்பு, கறுப்பு. கறுப்பு வாங்கி வந்தவனுக்கு லயத்தில் தனி மரியாதை.

டாக்டர் ஐயா என்று எல்லோரும் கூப்பிட்ட சிதம்பரநாதன் யாழ்ப்பாணத்தவர். பாமாவை வாங்குப் பலகையில் இருத்தி மேட்டை மெல்லத் தொட்டார்.

“எப்ப பிள்ளை தொடங்கினது? படி ஏறேக்க நோகுதோ, இறங்கேக்கயோ?”

“ரெண்டுலயுங்க. முட்டி போட்டா கூட.”

“காய்ச்சல் காய்ஞ்சதோ? இரவில நித்திரையால எழும்பிற அளவுக்கு நோகுதோ?”

“இல்லீங்க.”

அவர் காலை மடக்கினார், நீட்டினார், இடுப்பு மூட்டைச் சுழற்றிப் பார்த்தார். வலது காலில் இருந்த நீலத்தைக் கண்டதும் நிமிர்ந்தார்.

“இதென்ன, விழுந்தவவோ?”

முத்தையாவின் காலின் புகழ் ஆஸ்பத்திரி வரைக்கும் எட்டியிருந்தது. முத்தையா கூரையைப் பார்த்தான்.

“நீர் உதைச்சீரோ?”

“மூணு தடவைதாங்க” என்றான் முத்தையா.

சிதம்பரநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு ராமாமிர்தத்தைப் பார்த்துப் பேசினார். அன்று முழுக்க அவளைப் பார்த்துத்தான் பேசினார்.

“பயப்பிட ஒண்டுமில்லை. பிள்ளை கெதியா வளருறா. எலும்பு ஓடுது, தொடைத் தசை அதுக்குப் பின்னால வந்து சேரேல்லை. அது இழுக்கிற இடத்திலதான் இந்த மேடும் நோவும். ஓடிப் பாயிற பிள்ளையளுக்கு வாறது. வளர்த்தி நிண்டா தானா அடங்கும். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் செல்லும்.”

“ரெண்டு வருஷமா!” என்றான் முத்தையா.

“அதுவரைக்கும் படுக்கப் போடத் தேவையில்லை. நடக்கட்டும். ஓட்டம், பாய்ச்சல், முழங்காலில இருக்கிறது, இதுகளைக் கொஞ்ச நாளைக்கு விடட்டும். நோவு கூடினா வேலையைக் குறை, குறைஞ்சா மெல்ல மெல்லக் கூட்டு. பின்னேரத்தில பச்சைத் தண்ணியில துணியை நனைச்சுக் கால் மணித்தியாலம் போடு. பிறகு இப்பிடி.” அவர் எழுந்து மேசையைப் பிடித்துக்கொண்டு, சப்பாத்துக் காலைப் பின்னால் மடக்கிக் குதிகாலைக் கையால் பிடித்து இடுப்புப் பக்கம் இழுத்தார். “முழங்கால் ரெண்டும் சேர்ந்து இருக்க வேணும். இருபது மட்டும் எண்ணு. கால் மாறு. மூண்டு தரம். தொடை இழுபட வேணும், மேட்டில நோகப்படாது. வீக்கம் கூடினா, காய்ச்சல் வந்தா, சும்மா இருக்கேக்கயும் நொந்தா உடன வா. பதுளை ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாறன்.”

“மருந்துங்க?” என்றான் முத்தையா.

“இதுதான் மருந்து.”

“போத்தல் கொண்டாந்திருக்கேனுங்க.”

“நல்லது. மண்ணெண்ணெய் ஊத்தி வையும்.”

காலிப் போத்தலைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு முத்தையா லயத்துக்கு ஏறிய அந்த அரை மைல் அவன் வாழ்க்கையிலேயே நீளமானது. மறுநாள் விடியலில் பெரட்டுக் களத்தில், ஆட்களைப் பிரித்துவிடும் நேரத்தில், அவன் அதற்குப் பழி தீர்த்துக்கொண்டான். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கவ்வாத்துக் கத்தியை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இது என்னான்னு தெரியுதா?”

“கொக்கு!” என்றார்கள்.

“கொக்கு இல்லப்பா, வைத்தியம்! படிச்ச வைத்தியம். ஈரத் துணியாம். ஈரத் துணிக்கு வலி போகும்னா, பீலியில துணி தொவைக்கிற பொம்பளைங்களுக்கு ஏன் கை வலிக்குது? கேட்டேன், பதில் இல்ல.” அவன் அப்படிக் கேட்கவே இல்லை. இரண்டு தரம் தத்திக் காட்டினான். கங்காணிகூடச் சிரித்தார்.

பெண்கள் வரிசையில் நின்ற ராமாமிர்தம் சிரிக்கவில்லை. கூடையின் தலைக்கயிற்றைச் சரிசெய்துகொண்டு மலைக்கு நடந்தாள்.

அவள் காரியத்தைத் தொடங்கிய விதம் யுத்தத்துக்கு ஆள் எடுப்பது மாதிரி இருந்தது. குறுக்குப் பாதைக்குத் தடை. வண்டி ரோடு ஒன்றரை மைல் கூட. ஆனால் படி கிடையாது, சரிவு மெல்லிசு. பாமா அஞ்சு மணிக்கு எழுந்து அஞ்சரைக்குக் கிளம்ப வேண்டும். புத்தகப் பையில் அன்றைக்கு வேண்டியது மட்டும். தரையில் முட்டி போட்டு எழுதக்கூடாது. ஸ்டோரிலிருந்து உடைந்த தேயிலைப் பெட்டி ஒன்று வந்து நாற்காலி ஆனது. பீலியிலிருந்து குடம் தூக்கி மேடேறக்கூடாது.

“அப்ப தண்ணி?” என்றான் முத்தையா.

“காலால பொறந்தவங்க எடுக்கலாம்” என்றாள் ராமாமிர்தம்.

சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும், கூடையை இறக்கிய கையோடு துணியை நனைப்பாள். மலைத் தண்ணீர் எலும்பு வரைக்கும் குளிரும். பாமா பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியில் உட்கார்ந்து சரித்திரப் பாடம் படிப்பாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில். ராமாமிர்தம் மாவு பிசைந்துகொண்டே எண்ணுவாள். அவளுக்கு எழுதத் தெரியாது. எண்ணுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அஞ்சலோட்டம்தான் கஷ்டமாயிருந்தது. ஓட்டம் பழக்கும் லீலாதேவி டீச்சரிடம் இப்போதைக்கு ஓட முடியாது என்று தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள் பாமா. வீட்டுக்கு வந்து, பாலில்லாத தேயிலைச் சாயத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் அழுதாள்.

“என் எடத்துல வேற புள்ளயப் போட்டாங்க. அவ கொக்கு மாதிரி ஓடுவா.”

“ஓடட்டும். அடுத்த வருஷமும் அந்தத் தரை அங்கனதான் இருக்கும். நீயும் இருப்ப. குடி, ஆறிப் போகுது.”

வைகாசி போய் ஆனி வந்தது. கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று நமுனுகுல மலையைத் தாண்டி இறங்கி, லயத்துத் தகரங்களைப் பிய்க்கப் பார்த்தது. மண் வெடித்தது, கொழுந்து குறைந்தது, உதடு காய்ந்தது. பாமாவின் மேடு அப்படியேதான் இருந்தது. தொட்டால் காலை இழுப்பது மட்டும் நின்றிருந்தது. வண்டி ரோட்டில் முழுத் தூரமும் வலியில்லாமல் நடந்தேன் என்று ஒரு நாள் வந்து சொன்னாள்.

சொன்ன மூன்றாம் நாள் காலை இழுத்துக்கொண்டு வந்தாள்.

“என்ன செஞ்ச?”

“ஒரு ஆள் கொறஞ்சிருச்சும்மா. ஒரே ஒரு சுத்துதான் ஓடினேன்.” கொஞ்சம் பொறுத்து, “முந்திட்டேன்” என்றாள்.

முத்தையா இஸ்தோப்புத் திண்ணையில் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். இந்த நாளுக்குத்தான் அவன் காத்திருந்தான். “பாத்தியா? ரெண்டு மாசம் ஈரத் துணி. ரெண்டு மாசம் கொக்கு. ஒரு சுத்துல போச்சு! ஆவணி ஆவணின்னியே...”

“இன்னும் அம்பது நாளு இருக்கு” என்றாள் ராமாமிர்தம். துணியை நனைத்துப் பிழிந்தாள். மகளைத் திட்டவில்லை. “நேத்து இருபது எண்ணினோம். இன்னிக்குப் பத்துல ஆரம்பிப்போம். நாலு நாளைக்குப் பள்ளிக்கூடம் வேணாம். அப்புறம் கீழ் மதகு வரைக்கும் போயிட்டு வா. வலிக்கலன்னா மறுநாள் பாலம் வரைக்கும். ஒண்ணொண்ணா ஏத்துவோம். எங்க, நேரா நில்லு.”

முத்தையா சுருட்டை வாயிலிருந்து எடுத்தான். இன்னும் சொல்ல நிறைய வைத்திருந்தான். கேட்பதற்கு அங்கே யாரும் சும்மா இல்லை.

ஆடியில் இரண்டு நாள் பெய்த மழைக்குக் கொழுந்து திமிறிக்கொண்டு வந்தது. நிறுவை முடிய இருட்டிவிடும். அப்படி ஒரு சாயங்காலம், ராமாமிர்தம் வருமுன், தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த முத்தையா மகள் தனியே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டான். சுவரில் மண் உதிர்ந்து கை வழுக்கியது. அவள் தடுமாறினாள், காலை விட்டுவிட்டு மறுபடி பிடித்தாள், மறுபடி தடுமாறினாள். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு மூன்றாவது தடவை காலைப் பிடித்தாள்.

முத்தையா குடத்தை இறக்கி வைத்தான்.

“இந்தா, தோளப் புடி.”

பாமா அப்பாவை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு தோளைப் பிடித்துக்கொண்டாள். மெல்லிய விரல்கள், ஆனால் அழுத்தம் இருந்தது.

“எவ்வளவு எண்ணணும்?”

“இருபதுப்பா.”

எண்ணினான். பதினொன்றில் அவள் முழங்கால் விலகியது. “ரெண்டையும் சேத்து வையி. டாக்டர் ஐயா என்ன சொன்னாரு?” என்று அதட்டிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டு, யாராவது வாசலில் நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டான். மூன்று தரம் முடிந்தது. துணியையும் நனைத்துக் கொடுத்தான்.

“ஒங்கம்மாக்கிட்டச் சொல்லாத.”

“ஏம்ப்பா?”

“சொல்லாதன்னா சொல்லாத.”

ராமாமிர்தம் வந்ததும் ஈரத் துணியைப் பார்த்தாள். முத்தையாவின் வேட்டியில் தெறித்திருந்த தண்ணீரைப் பார்த்தாள். அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நிறுவையிலிருந்து அவள் கொஞ்சம் தாமதித்தே வரத் தொடங்கினாள்.

ஆவணி ஒன்றாந் தேதி பெரட்டுக் களம் பனியில் மூழ்கியிருந்தது. ராமாமிர்தம் வைத்த தவணை தோட்டத்துக்கே தெரிந்திருந்தது; இராசையா கங்காணி தேதி மறக்கிறவர் அல்ல.

“என்ன முத்தையா, இன்னிக்குப் பேர எழுதச் சொல்லிரவா கிளாக்கர் ஐயாக்கிட்ட?”

எல்லோரும் முத்தையாவைப் பார்த்தார்கள். கொக்கு ஆட்டத்துக்குப் பிறகு அவர்களுக்கு அவனிடம் எதிர்பார்ப்பு இருந்தது. பெண்கள் வரிசையில் ராமாமிர்தம் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். சொன்ன சொல்லுக்கு அவள் தயாராகத்தான் வந்திருந்தாள்.

பனி சற்று விலகியது. கீழே வண்டி ரோட்டின் இரண்டாவது வளைவில் வெள்ளைச் சட்டை ஒன்று போய்க்கொண்டிருந்தது. வேகமில்லை. இழுப்பும் இல்லை. ஒரு கால், மறு கால், ஒரு கால், மறு கால். மூன்றாவது வளைவில் ஒரு தரம் நின்றது. முத்தையா ஓரடி முன்னே வைத்தான். அது பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தது.

“எழுத வேணாம் கங்காணி” என்றான் முத்தையா. “அவ பேரு பதுளையில எழுதியிருக்கு. ஒரு பேர ரெண்டு எடத்துல எழுதக்கூடாது.”

“வலி போயிருச்சா?”

“முழுசாப் போகல. இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். இப்ப அது சொன்ன பேச்சு கேக்குது, அவ்வளவுதான்.”

“எல்லாம் ஒன் கால் மகிமைதான்!” என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். முத்தையா வழக்கம்போல் அதை ஏற்றுக்கொள்வான் என்று ராமாமிர்தம் காத்திருந்தாள். அவன் கவ்வாத்துக் கத்தியின் விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் கீழ்ப்பிரிவிலிருந்து சண்முகராஜா வந்தான். தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறவன். கையில் வெற்றிலை, புகையிலை. பக்கத்தில் பதினோரு வயது மகள் சரஸ்வதி, ஒரு காலை ஊன்றாமல்.

“அண்ணே, முட்டிக்குக் கீழ மேடு மாதிரி இருக்கு. ஓடி ஆடுற புள்ள. ஒங்க கால்தான் காப்பாத்தணும்.”

லயத்தில் ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்த்தார்கள். குணமணி பல் விளக்குவதை நிறுத்திவிட்டு வந்தாள். முத்தையா வழக்கம்போல் பீலிக்குப் போய் வலது காலைக் கழுவிக்கொண்டு வந்தான். பிள்ளை கிழக்குப் பார்த்து நின்றாள். காது வரைக்கும் தோளைத் தூக்கி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

“காய்ச்சல் இருந்துச்சா?” என்று மெதுவாகக் கேட்டான்.

“இல்லண்ணே.”

“ராவுல வலியில முழிச்சுக்கிறாளா?”

“இல்லண்ணே. ஏண்ணே?”

“திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டர் ஐயாக்கிட்டக் காட்டு. போத்தல் வேணாம்.”

பிறகு கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். கழுவிய வலது கால் தரையை விட்டு எழும்பியது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். கால் முன்னால் வரவில்லை, பின்னால் மடங்கியது. குனியாமல் குதிகாலைக் கையால் பிடித்து இடுப்போடு சேர்த்துக்கொண்டான். முழங்கால் இரண்டும் சேர்ந்திருக்கின்றனவா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

“கண்ணத் தொற தாயி” என்றான். “இதப் பாரு.”

யாரும் சிரிக்குமுன் எண்ணத் தொடங்கினான்.